சண்டை போட்டுக்கிட்டே எப்படி ஒண்ணானாங்க?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்: ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் எப்பப் பாத்தாலும் அடிச்சுக்கிட்டாங்க, ஒரு ராஜா கிடையாது, ஒரு தலைநகரம் கிடையாது, அப்புறம் எப்படி எல்லாரும் கிரேக்கர்னு ஆனாங்க? பையன் பாடம் படிக்கும்போது கேட்டான், சொல்லத் தெரியல.

பதில்: பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கான்ங்க. கிரேக்கர்ங்கிற பேரே ரோமானியர் வழியா நமக்கு வந்தது, அந்த ஊர்க்காரங்க தங்களைச் சொல்லிக்கிட்டது ஹெல்லீன்ஸ்னு. அதுவும் ஆதியிலிருந்து இருந்த பேரு இல்ல. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரோட பாட்டுல ட்ராய் நகரத்து மேல படையெடுத்துப் போனவங்க அக்கேயர், ஆர்கைவர், தனாவர், இப்படித்தான் வருவாங்க, ஹெல்லீன்ஸ்ங்கிறது அக்கிலீஸ்ங்கிற வீரன் பின்னாடி வந்த ஒரு கூட்டம் மட்டும்தான். துசிடிடீஸ்ங்கிற கிரேக்க வரலாற்று ஆசிரியர் கி.மு. 5ம் நூற்றாண்டுலயே இதைக் கவனிச்சு எழுதியிருக்கார்.

அப்போ எங்க ஒட்டுச்சு? வெளியூர்லதான்னு நான் நம்புறேன். நம்மளையே பாருங்க, மலை மேல இருக்கிற வரைக்கும் நீங்க கோத்தகிரி, நான் குன்னூர், கூடலூர்க்காரர் பேச்சே வேற. கோயம்புத்தூர்ல ரூம் எடுத்துப் படிச்சப்போ நாங்க மூணு ஊர்ப் பசங்களும் அங்க உள்ளவங்களுக்கு ஒரே ஊட்டிக்காரங்கதான், யார் வீட்லருந்து வர்க்கி வந்தாலும் அந்தப் பொட்டலத்தச் சுத்தி மூணு பேரும் ஒக்காந்திருப்போம்.

எகிப்துல நௌக்ராட்டிஸ்னு ஒரு துறைமுகம். கியோஸ், ரோட்ஸ், ஹலிகார்னாசஸ், மிட்டிலீன்னு 9 ஊர்க்காரங்க, கிரேக்கர்ல அயோனியர் டோரியர் அயோலியர்னு இருந்த மூணு கிளையும் கலந்து, கூட்டா ஒரு கோயில் கட்டுனாங்க, பேரு ஹெல்லேனியன். இதுக்கு இடம் கொடுத்தது கி.மு. 570லருந்து 526 வரைக்கும் ஆண்ட அமாசிஸ்ங்கிற எகிப்து ராஜா. அங்க தோண்டுனப்போ கெடச்ச பானை ஓட்டுல 'ஹெல்லீன்களோட தெய்வங்களுக்கு'ன்னு கீறி வச்சிருக்காங்க. எந்த ஊர்த் தெய்வம்னு எழுதல பாருங்க, எனக்கு அந்த ஓடு ஒண்ணே போதும்.

ஊருக்குள்ளயும் ஒண்ணு சேர்ற எடம் இருந்துச்சு. பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டி ஹட்டியா (ஊர் ஊரா) வெள்ளை உடுத்தி நடந்து வர்றத நீங்க வருஷா வருஷம் பாக்குறீங்கல்ல, அந்த மாதிரி ஒலிம்பிக் போட்டி நடந்த ஒலிம்பியாவுக்கு வருவாங்க, போர் நடந்தாலும் அங்க போற வழியில யாரும் தொடக்கூடாதுன்னு ஒப்பந்தம். ஆனா ஓடணும்னா ஹெல்லீனா இருக்கணும். மாசிடோனியா ராஜா முதலாம் அலெக்சாந்தர் (பெரிய அலெக்சாந்தர் இல்ல, அவருக்கு முன்னோர்) ஓட வந்தப்போ நீ நம்ம ஆளே இல்லன்னு மத்தவங்க தடுத்தாங்க, தன் வம்சம் ஆர்கோஸ்லருந்து வந்ததுன்னு காட்டுன பிறகுதான் விட்டாங்கன்னு ஹெரோடோட்டஸ்ங்கிற பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் சொல்றார்.

அப்புறம் பாரசீகப் படை வந்துச்சு. கி.மு. 479ல ஜெயிச்ச பிறகு டெல்ஃபிங்கிற கிரேக்கப் புண்ணியத் தலத்துல நட்ட வெண்கலப் பாம்புத் தூண்ல 31 ஊர் பேரு இருக்கு, தூண் இப்போ இஸ்தான்புல்ல நிக்குது. அத்தனை நூறு ஊர்ல வெறும் 31தான், தீப்ஸ்ங்கிற கிரேக்க ஊரு எதிரி பக்கமே போயிருச்சு, அதனால எல்லாரும் ஒண்ணா நின்னாங்கன்னு பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க. ஒரே ரத்தம், ஒரே பேச்சு, பொதுவான கோயில், ஒரே மாதிரி பழக்கவழக்கம், இதையெல்லாம் விட்டுட்டுப் பாரசீகன் கூடச் சேர மாட்டோம்னு ஏதென்ஸ்காரங்க ஸ்பார்ட்டாகாரங்களுக்குச் சொன்னதா ஹெரோடோட்டஸ் எழுதுறார். அதே ரெண்டு ஊரும் கி.மு. 431ல மறுபடி போருக்கு நின்னாங்க, 27 வருஷம் இழுத்துச்சு. அப்பவும் ரெண்டு பேரும் ஹெல்லீன்ஸ்தான்.

அதே வாசகர்: சங்கப் பாட்டுல வர்ற யவனர் இவங்கதானா?

பதில்: பேரு அங்கருந்து வந்ததுதான். அயோனியர்ங்கிறது ஒரு கிளை, பாரசீகருக்குப் பக்கத்துல இருந்தது அவங்கதான், அதனால பாரசீகர் மொத்தப் பேரையும் யௌனர்னாங்க, அது இந்தியாவுக்கு வந்து யவனர் ஆச்சு. அகநானூறுல முசிறிக்குப் பொன்னோட வந்து மிளகோட திரும்புற யவனர் கப்பல் வருது, அந்தக் காலத்துல ரோமாபுரி ஆளுங்களுக்கும் சேத்து அதே பேருதான். கோயம்புத்தூர்ல எங்க மூணு பேருக்கும் ஊட்டிக்காரங்கன்னு பேரு வச்ச மாதிரி.