ஹெச்.எம். சார் பதில்கள்: சாவிக்கொத்து வந்தா சாக்பீஸ் போயிடுமா?

கேள்வி: சார் வணக்கம். நான் 19 வருஷம் கணக்கு டீச்சர். எங்க பழைய ஸ்கூல்ல பி.டி. போஸ்ட் காலியா கெடந்ததால சாயங்காலம் பொம்பளப் புள்ளைங்களுக்கு கபடியும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன், குறுவட்டத்துல ரெண்டு தடவ ஜெயிச்சு மாவட்டம் வரைக்கும் போனோம். இப்ப ப்ரமோஷன்ல அணைக்கட்டு பக்கம் ஒரு ஹைஸ்கூலுக்கு ஹெச்.எம்.மா வந்துட்டேன். மோட்டார் ஓடல, பாத்ரூம் கதவு இல்ல, எமிஸ்னு அரசாங்க ஆன்லைன் பதிவுல அட்டெண்டன்ஸ் ஏறல, ஆபீஸ்ல இருந்து போன், இதுலயே பொழுது போவுது. கிளாஸும் இல்ல, கிரவுண்டும் இல்ல. என்னவிட மூத்தவங்க ரெண்டு பேர் எது சொன்னாலும் "செய்யலாம் மேடம்"னு சொல்லுவாங்க, செய்யறதே இல்ல. பழைய புள்ளைங்க போன் போட்டு "இன்னா மிஸ், எங்கள மறந்துட்டீங்களா"னு கேட்டா அழுகையே வந்துடுது. எழுதிக் குடுத்துட்டு பழையபடி டீச்சராவே போயிடலாமா? (பேர் போடாதீங்க சார், வேலூர் மாவட்டம்னு மட்டும் போடுங்க.)

பதில்: டீச்சர், (மேடம்னு கூப்ட்டா நீங்க இன்னும் யாரையோ கூப்புடறாங்கனுதான் நெனப்பீங்க, அதனால டீச்சர்) இப்ப எதுவும் எழுதிக் குடுக்காதீங்க. ஒரு குறுவட்டப் போட்டியும் ஒரு பப்ளிக் ரிசல்ட்டும் பாத்துட்டு அப்புறம் யோசிங்க.

நம்ம ஊரப் பத்தி ஒரு கிண்டல் உண்டு இல்லையா, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மல, ராஜா இல்லாத கோட்டைனு. நான் ஹெச்.எம். ஆன புதுசுல ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் அதோட "கிளாஸ் எடுக்காத ஹெச்.எம்."னு ஒண்ண சேத்து விட்டார், என் காதுலயும் விழுந்துச்சு. கோவந்தான் வந்துச்சு, ஆனா அது பொய் இல்ல. நான் அப்ப காலைல 8 மணிக்கே போயி கேட்டத் தொறக்கறது, மோட்டார் போடறது, மணி அடிக்கறது, முட்ட எண்றது வரைக்கும் நானே செஞ்சுகினு இருந்தேன், அதுதான் நிர்வாகம்னு நெனப்பு. ஒரு நாள் பிரேயர்ல லேட்டா வந்த டீச்சர எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் "இதான் வர்ற நேரமா"னு கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் பேசல, லைன்ல போயி நின்னாங்க. அன்னிக்கு பஸ் வரல, ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்காங்கனு மதியம்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் படிக்கத் தெரியாத பசங்கள நிறுத்தி வெச்சு ஆறு மணி வரைக்கும் சொல்லிக் குடுத்தவங்க, அடுத்த நாள்ல இருந்து மணி அடிச்சதும் பையத் தூக்கிடுவாங்க. ரூல்படி தப்பே இல்ல. நான் சாரி சொன்னேன், ஆனா தனியா ரூம்ல கூப்ட்டு சொன்னேன், திட்டுனது மட்டும் மைக்ல. அத சரி பண்ண எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

நீங்க கபடி சொல்லிக் குடுத்தவங்க, உங்களுக்கு இது என்னவிட சீக்கிரம் புரியும். மேட்ச் நடக்கும்போது கோச் எங்க இருப்பாங்க? கோட்டுக்கு வெளிய. ஒரு ரெய்டுக்கு 30 செகண்ட், அந்த 30 செகண்டும் அந்தப் பொண்ணு தனியா போயி தனியா வரணும், கால் பிடி விழுந்தாலும் நீங்க உள்ள ஓட முடியாது. ஒரு பாதிக்கு ரெண்டு டைம் அவுட், ஒவ்வொண்ணும் 30 செகண்ட், அந்த ஒரு நிமிஷத்துல நாலு வார்த்த. மீதி எல்லாம் அதுக்கு முன்னாடி சாயங்காலம் சாயங்காலமா சொல்லிக் குடுத்தது. அத அவ்ளோ அழகா பண்ண நீங்க ஸ்கூல்ல மட்டும் ஏன் எல்லா ரெய்டும் நீங்களே போறீங்க?

அந்த ரெண்டு பெரியவங்க விஷயம். எங்க ஸ்கூல்லயும் ஒரு தமிழ் ஐயா இருந்தார், எந்த வேல குடுத்தாலும் "பாக்கலாம்"தான். ஆனா மதியம் புள்ளைங்க சாப்டற நேரத்துல மட்டும் தெனமும் அங்கயே நின்னுகினு இருப்பார். ஒரு நாள் போயி "ஐயா, சத்துணவு லைன நீங்க பாத்துக்கறீங்களா, எனக்கு வழி தெரியல"னு கேட்டேன், உத்தரவா சொல்லல, நெசமாவே தெரியாமதான் கேட்டேன். தட்டு கழுவற எடத்துல எப்பவும் சேறு, மறுநாளே வேட்டிய மடிச்சுக் கட்டிகினு ரெண்டு பலகக் கல்லு தூக்கிப் போட்டார், சின்னப் புள்ளைங்க அதுமேல ஏறி நின்னு கழுவுச்சுங்க. அதுக்கப்புறம் முட்ட கொறையுதுனு ஒரு பேச்சு வந்ததே இல்ல. உங்க ரெண்டு பேரும் எங்க நிக்கறாங்கனு ஒரு வாரம் சும்மா பாருங்க.

கிளாஸ விடவே விடாதீங்க. எட்டாவதுல ஒரு செக்‌ஷன் கணக்கு நீங்க எடுங்க, மொத பீரியட், போன் ஆஃபீஸ் மேசைலயே இருக்கட்டும். எட்டாவது ஏன்னா அந்த வருஷம்தான் என்.எம்.எம்.எஸ்.னு ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதுவாங்க, பாஸாகி செலக்ட் ஆனா ஒம்போதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா, அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது சின்னத் தொக இல்ல. பாத்ரூம் கதவப் பத்தி பள்ளி மேலாண்மைக் குழுல பேசுங்க. சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெத்தவங்கதான், பாதிக்குப் பாதி பொம்பளைங்க. பொண்ணுங்க பாத்ரூமுக்கு கதவு இல்லனு ஒரு அம்மா எழுந்து கேட்டா வர்ற வேகம் நம்ம பத்து லெட்டருக்கு வராது. கபடிய தெனமும் நீங்களே போயி எடுக்க வேணாம், வாரத்துல ரெண்டு நாள் போங்க, மத்த நாளுக்கு ஆள் தேடுங்க. பொங்கலுக்கு கபடி ஆடாத ஊரா இருக்கு அந்தப் பக்கம்?

கேள்வி: ஐயா, நான் காட்பாடி, டிகிரி முடிச்சுட்டு ஒரு கடைல வேல. காலைல ஆறு மணிக்கு எங்க தெரு பசங்க, பொண்ணுங்க ஒரு இருவது பேருக்கு கபடி, ஓட்டம்லாம் ஃப்ரீயா சொல்லித் தரேன். முறையா கோச் ஆக என்ன படிக்கணும்? நம்ம ஊர்ல இதுக்கு மதிப்பு இருக்கா?

பதில்: தம்பி, மேல இருக்கற டீச்சருக்கு உன்ன மாதிரி ஆள்தான் தேவ. ஸ்கூல் பி.டி. சார் ஆகணும்னா பி.பி.எட்.னு உடற்கல்வி டிகிரி, ரெண்டு வருஷம். சென்னை நந்தனத்துல இருக்கற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி காலேஜ் 1920ல ஆரம்பிச்சது, ஆசியாவுலயே பழசு அதுதான்னு சொல்லுவாங்க. கோச் மட்டும் ஆகணும்னா பஞ்சாப் பாட்டியாலால என்.ஐ.எஸ்.னு தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம் இருக்கு, அவங்க டிப்ளமா தவிர ஆறு வார சர்டிபிகேட் கோர்ஸும் வெச்சிருக்காங்க, கடைக்கு லீவ் போட்டுட்டு போற உனக்கு மொதல்ல அது சரியா வரும்.

மதிப்பு இருக்கானு கேக்கற. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014ல கிளாஸ்கோவுலயும் 2018ல கோல்டுகோஸ்ட்லயும் பளு தூக்கறதுல 77 கிலோ பிரிவுல காமன்வெல்த் தங்கம் தூக்குனார். நம்ம தெருவுல ஜிம்முக்குப் போன புள்ளதான் அவரும்.

ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். பொண்ணுங்களும் வர்றாங்கனா தனியா நீ மட்டும் இருக்காத, தெனம் ஒரு அம்மாவாவது அக்காவாவது கிரவுண்டுல ஒக்காந்து இருக்கணும். வெளியூர் மேட்சுனா பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கு, கூட ஒரு லேடி வரணும். பிடி சொல்லிக் குடுக்கும்போது பொண்ணுங்கள பொண்ணுங்கள வெச்சே செஞ்சு காட்டச் சொல்லு. இது உன்மேல சந்தேகம் இல்லப்பா, யாரா இருந்தாலும் இப்படித்தான். 1098ங்கற குழந்தைங்க ஹெல்ப்லைன் நம்பர எல்லாப் புள்ளைக்கும் மனப்பாடம் பண்ண வை, உன் மேலயே கம்ப்ளைன்ட் பண்றதா இருந்தாலும் இதுக்குப் போடலாம்னு நீயே சொல்லு. அத சொல்ற கோச்ச புள்ளைங்க நம்பும். அப்புறம் ஏப்ரல், மே மாசத்துல ஆறு மணிங்கறது நம்ம ஊருக்கு லேட்டு, அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்குள்ள முடி, உப்பும் சக்கரையும் போட்ட தண்ணி ஒரு குடம் வெச்சுக்கோ.

கேள்வி: சார், என் பொண்ணு ஒம்போதாவது, குடியாத்தம். கபடின்னா உயிரு. அடுத்த வருஷம் பத்தாவது, நிறுத்திடலாமானு இருக்கேன். கறுத்துப் போயிட்டா, யாரு கட்டுவாங்கனு என் சித்தி வேற தெனமும் சொல்றாங்க.

பதில்: ஜூன்லயே நிறுத்தாதீங்கம்மா. விளையாடற புள்ள காலைல எழுந்துக்கும், அந்தப் பழக்கம் போச்சுனா படிப்பும் சேந்து போகும். அரையாண்டு முடிஞ்சப்புறம் மேட்ச் வேணாம், அர மணி நேரம் ஓடிட்டு வந்து ஒக்காந்து படிக்கட்டும். சித்திகிட்ட, வேலூர் வெயில்ல கபடி ஆடாதவங்க மட்டும் என்ன கலர்ல இருக்காங்கனு நான் கேட்டதா கேளுங்க.