சந்தை விழும்போது புட் ஆப்ஷன் வாங்கலாமா, வேறு வழி உண்டா?

பங்குகளை விற்க மனமில்லை, சந்தையோ தினமும் இறங்குகிறது, புட் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) வாங்கி நஷ்டத்தை ஈடுகட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் சந்தை இன்னும் விழுமா என்று யோசிப்பதற்கு முன், அந்தப் புட் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். கணிப்பு பலித்தும் பணத்தை விடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு இன்டெக்ஸ் 10,000 புள்ளியில் இருக்கிறது. மூன்று மாத எக்ஸ்பைரி (உரிமை காலாவதியாகும் நாள்), 9,500 ஸ்ட்ரைக் (உரிமைக்குக் குறித்த விலை) புட். சந்தை அமைதியாக இருந்து ஐ.வி. (இம்ப்ளைட் வாலட்டிலிட்டி, சந்தை எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலை காட்டும் எதிர்பார்ப்பு) 16 சதவீதமாக இருந்தால், வட்டியைச் சேர்க்காத பிளாக்-ஷோல்ஸ் (ஆப்ஷன் விலைச் சூத்திரம்) கணக்கில் பிரீமியம் (புட்டுக்குக் கொடுக்கும் விலை) சுமார் 123 புள்ளி. பீதி பரவி ஐ.வி. 35 ஆகிவிட்டால் அதே புட் 460. கிட்டத்தட்ட நாலு மடங்கு. 460 கொடுத்து வாங்கினீர்கள், இரண்டு வாரத்தில் இன்டெக்ஸ் நீங்கள் நினைத்தபடியே 9,700-க்கு இறங்கியது, ஆனால் பதற்றம் தணிந்து ஐ.வி. 24-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். புட்டின் விலை இப்போது சுமார் 330. சந்தையும் விழுந்தது, புட்டிலும் 130 புள்ளி போயிற்று.

2020 மார்ச் 16 அன்று அமெரிக்கச் சந்தையின் பயத்தை அளக்கும் விக்ஸ் குறியீடு 82.69-ல் முடிந்தது. அமெரிக்கப் பங்கு இன்டெக்ஸான எஸ் அண்ட் பி 500 அதற்குப் பிறகு மார்ச் 23-ல் அடிமட்டத்தைத் தொடும்வரை விழுந்தது 6 சதவீதம் சொச்சம்தான். உச்சக்கட்ட பயத்தில் விற்கப்படும் காப்பீட்டின் விலை அப்படித்தான் இருக்கும்.

அதனால் முதலில் ஒப்பிட வேண்டியது மிகச் சாதாரணமான வழியை: ஒரு பகுதியை விற்றுப் பணமாக வைப்பது. மேலே சொன்ன 460 புள்ளிப் புட்டை வாங்கினால், எக்ஸ்பைரியில் உங்கள் அதிகபட்ச நஷ்டம் 5 சதவீதம் (10,000-லிருந்து 9,500 வரை உங்கள் பொறுப்பு) கூட்டல் பிரீமியம் 4.6, ஆக 9.6 சதவீதம். இதற்குப் பதில் 40 சதவீதப் பங்குகளை விற்றிருந்தால், சந்தை 16 சதவீதம் விழுந்தால்தான் நஷ்டம் அந்த 9.6-ஐ எட்டும். அதற்கு மேல் சரிந்தால் புட் ஜெயிக்கும். சந்தை பலமாகத் திரும்பி ஏறினாலும் புட் வைத்திருப்பவருக்கே லாபம். இரண்டும் இல்லாத இழுபறியில் பிரீமியம் கரைந்துபோகும். விற்றால் வரும் வரியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பலருக்கு இந்த ஒப்பீட்டோடு ஆப்ஷன் ஆசை தீர்ந்துவிடும், தீர்ந்தால் நல்லதுதான்.

ஐ.வி. உயர்ந்திருக்கும்போதும் ஹெட்ஜ் (நஷ்டத் தடுப்பு) வேண்டும் என்றால் தனிப் புட்டை விட புட் ஸ்பிரெட் மேல். 9,500 புட்டை 460-க்கு வாங்கி, அதே எக்ஸ்பைரியில் 8,500 புட்டை 153-க்கு விற்றால் நிகரச் செலவு 307. பிரேக் ஈவன் (லாபமும் நஷ்டமும் இல்லாத புள்ளி) 9,193. இன்டெக்ஸ் 8,500-க்குக் கீழே முடிந்தால் கிடைக்கும் லாபம் 693, அதற்கு மேல் கிடையாது. நிஜத்தில் கீழ் ஸ்ட்ரைக்குகளின் ஐ.வி. பொதுவாகக் கூடுதலாக இருக்கும், எனவே விற்கும் 8,500 புட்டுக்கு இன்னும் நல்ல விலை வரும். இரண்டையும் ஒரே ஆர்டராகப் போட முடியாவிட்டால் முதலில் வாங்கும் புட், பிறகு விற்கும் புட். வெளியே வரும்போது தலைகீழ்: விற்றதைத் திரும்ப வாங்கிய பிறகே மற்றதை விற்க வேண்டும். வரிசை மாறினால் நடுவில் சில நிமிடங்கள் பாதுகாப்பில்லாத விற்பனை நிற்கும், மார்ஜினும் (பிணையாகக் கட்டும் பணம்) எகிறும்.

ஸ்பிரெட்டில் பலர் ஏமாந்ததாக நினைக்கும் இடம் ஒன்று. ஒரே வாரத்தில் இன்டெக்ஸ் 8,400-க்குச் சரிந்தாலும் கணக்கில் இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடையிலான முழு 1,000 புள்ளி காட்டாது. ஐ.வி. 42 என்று வைத்தால் சுமார் 670தான் காட்டும், ஏனென்றால் நீங்கள் விற்ற புட்டிலும் இன்னும் நிறைய காலமதிப்பு (எக்ஸ்பைரி வரை மிச்சமுள்ள நாட்களுக்கான விலை) இருக்கிறது. முழு அகலமும் எக்ஸ்பைரியை ஒட்டித்தான் கிடைக்கும். 307 போட்டது 670 ஆகியிருந்தால் நான் பாதியையாவது மூடச் சொல்வேன்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு காலர். பங்கு அல்லது இன்டெக்ஸ் ஃபண்ட் கையில் இருக்க, 9,500 புட்டை வாங்கி, 10,500 கால் ஆப்ஷனை (அந்த விலைக்கு வாங்கும் உரிமையை) விற்பது. எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஐ.வி. 35 என்றால் அந்தக் கால் சுமார் 490 தரும், புட்டின் 460 அதிலேயே அடங்கிவிடும். நிஜச் சந்தையில் மேல் ஸ்ட்ரைக் கால்களின் ஐ.வி. குறைவு என்பதால் செலவில்லாமல் முடிக்க லாபத்தின் உச்சவரம்பு இன்னும் அருகில் வரும். சரிவுக்குப் பிறகு சந்தை துள்ளும்போது 10,500-க்கு மேலான லாபம் உங்களுடையதல்ல என்பதை மனதார ஒத்துக்கொண்டு இறங்குங்கள். புட் வாங்காமல் கால் மட்டும் விற்பதை ஹெட்ஜ் என்று சொல்வது தப்பு. வாங்கிய பிரீமியம் அளவுக்கு மேல் அது எதையும் தாங்காது.

எத்தனை லாட் (ஆப்ஷன் விற்கப்படும் கட்டு)? போர்ட்ஃபோலியோ மதிப்பை அதன் பீட்டாவால் (இன்டெக்ஸோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு ஆடும் என்ற அளவு) பெருக்கி, இன்டெக்ஸ் × லாட் அளவால் வகுக்க வேண்டும். மதிப்பு 12,00,000, பீட்டா 1.2, இன்டெக்ஸ் 10,000, லாட் 50 என்றால் 14,40,000 ÷ 5,00,000 = 2.88. மூன்று லாட் கொஞ்சம் அதிகம், இரண்டு குறைவு; செலவு உறுத்தினால் இரண்டோடு நிற்கலாம். இந்த எண்ணிக்கை எக்ஸ்பைரிக் கணக்குக்குத்தான். அந்த 9,500 புட்டின் டெல்டா வாங்கும் அன்று 0.35, அதாவது இன்டெக்ஸ் 100 புள்ளி விழுந்தால் புட் 35 புள்ளி போல ஏறும். முதல் சில நாள் சரிவில் ஹெட்ஜ் வேலை செய்யவில்லையே என்று பதறி லாட்டை இரட்டிப்பாக்காதீர்கள். எக்ஸ்பைரிக்கு நாலைந்து வாரம் இருக்கும்போது, இன்னும் தேவைப்பட்டால் அடுத்த மாதங்களுக்கு மாற்றிவிடுவது நல்லது. கடைசி மாதத்தில் காலமதிப்பு வேகமாகத் தேயும்.

சந்தை விழுந்தால் ஏறும் இன்வர்ஸ் ஃபண்டுகளை நீண்ட நாள் வைத்திருக்கவே கூடாது. அவை தினசரி மாற்றத்தை மட்டுமே தலைகீழாக்கும். இன்டெக்ஸ் 100-லிருந்து 90-க்கு விழுந்து மறுநாள் 100-க்கே திரும்பினால், ஒரு மடங்கு இன்வர்ஸ் 97.78-லும் இரு மடங்கு 93.33-லும் நிற்கும். ஷார்ட் அடிப்பதில் (கையில் இல்லாததை முதலில் விற்பதில்) நஷ்டத்துக்கு வரம்பில்லை. சரிவுச் சந்தையில்தான் மிகக் கூர்மையான ஒருநாள் ஏற்றங்களும் வரும்.

எதைச் செய்தாலும் மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு) போடாதீர்கள். பீதி நாளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலும். நடுவிலையில் லிமிட் ஆர்டர் (நீங்கள் குறிக்கும் விலைக்கு மட்டும்) வைத்து, நிறைவேறாவிட்டால் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். தனிப்பங்கு ஆப்ஷன் என்றால் எக்ஸ்பைரியில் பணமாகத் தீர்க்கிறார்களா, பங்காகவே கொடுக்கல் வாங்கலா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பங்காகத் தீர்ப்பதென்றால், அதற்கான பணமோ பங்கோ கணக்கில் இல்லாதவர்கள் கடைசி வாரத்துக்கு முன்பே மூடிவிட வேண்டும்.