‘வயசானா எல்லாருக்கும் வருவதுதானே?’: எலும்பு மெலிவு எத்தனை பேருக்கு இருக்கிறது

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. நன்றாக நடக்கிறார், முதுகுவலி என்று சொன்னதே இல்லை. போன மாதம் கால் தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார், டி-ஸ்கோர் மைனஸ் 2.7 என்று வந்தது, வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘வயசானா எல்லாருக்கும் எலும்பு தேயத்தான் செய்யும், இதுக்குப் போய் மாத்திரையா’ என்கிறார் அம்மா. உண்மையில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது? 74 வயது அப்பாவுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: அம்மா சொல்கிற ‘தேயும்’ என்ற சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக முனகியபடி இறங்குகிறவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். அங்கே குருத்தெலும்பு தேய்கிறது, வலிக்கிறது. அம்மாவுக்கு இருப்பது ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு. இதில் எதுவும் எதோடும் உரசவில்லை. உடம்பு தன் எலும்பை ஓயாமல் ஒரு பக்கம் அரித்து, இன்னொரு பக்கம் பூசிக்கொண்டே இருக்கிறது. 30 வயதை ஒட்டி இருப்பு உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெதுவாக அரிப்பு முந்த ஆரம்பிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு முதல் சில வருடங்கள் இந்த இழப்பு வேகமாகவே நடக்கும். வெளியே எலும்பு அதே அளவில்தான் இருக்கும், உள்ளே இருக்கிற வலைப்பின்னலில் இழைகள் மெலிந்து, சில அறுந்தும் போயிருக்கும். முறிகிற வரைக்கும் வலி இருக்காது. அதனால் ‘வலியில்லையே’ என்பதை ஒரு ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். அமெரிக்காவில் 2017-18இல் ஸ்கேன் எடுத்தே நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்த பெண்களில் 19.6 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 4.4 சதவீதம் பேருக்கும் எலும்பு மெலிவு இருந்தது. 65 வயதுக்கு மேல் மட்டும் எடுத்தால் பெண்களில் 27.1 சதவீதம், ஆண்களில் 5.7. இது ஒரு நாட்டின் கணக்கு, எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அம்மாவின் வாதத்துக்குப் பதில் இதிலேயே கிடைக்கிறது. 65ஐத் தாண்டிய பெண்களிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு எலும்பு மெலிவு இல்லை. பரவலாக இருக்கிறது என்பது சரி, எல்லாருக்கும் வரும் என்பது சரியில்லை.

அவர் பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பை இளவயது ஆளின் சராசரி எலும்போடு ஒப்பிடும் எண். மைனஸ் 1 வரை இயல்பு, அதற்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் ‘ஆஸ்டியோபீனியா’, அதாவது அடர்த்தி குறைந்திருந்தாலும் மெலிவு என்ற அளவுக்குப் போகாத நிலை, மைனஸ் 2.5ம் அதற்குக் கீழும் மெலிவு என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. 30 வயதோடு ஒப்பிட்டால் வயதானவர்களில் பலருக்கு ஏதோ ஒரு மைனஸ் வரத்தான் செய்யும். இந்த நடுப்பகுதியில் மட்டும் அதே கணக்கெடுப்பில் 50 கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இருந்தார்கள். அந்தப் பாதிப் பேரையும் நோயாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அம்மா விஷயத்தில் நான் அந்த 2.7ஐவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வது மணிக்கட்டை. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து கையை ஊன்றியிருக்கிறார், முறிந்துவிட்டது. இப்படி ஒருமுறை முறிந்தவர்களுக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்தது மணிக்கட்டாகவே இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை, முதுகெலும்பாகவோ இடுப்பாகவோ இருக்கலாம். இடுப்பு முறிந்த முதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். பிழைப்பவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. மாத்திரை இந்த முறிவைத் தடுக்கத்தான்.

வாரம் ஒருமுறை என்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் எலும்பு அரிப்பைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் வகையாக இருக்கும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபி, பால் எதுவும் கூடாது, அப்புறம் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கலாம், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் உடம்பில் ஏறாது. ஆரம்பிப்பதற்கு முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பல் பிடுங்குகிற வேலை ஏதாவது பாக்கி இருந்தால் முதலில் முடித்துவிடுங்கள், இந்த மாத்திரையால் தாடை எலும்பில் பிரச்சினை வருவது அபூர்வம்தான் என்றாலும். ‘வெறும் கால்சியம் மாத்திரை போதாதா’ என்று அம்மா அடுத்து கேட்பார். போதாது. செங்கல் இறக்கிவைத்தால் மட்டும் சுவர் எழும்பாது.

அப்பாவுக்கு வருவோம். ஸ்கேனில் ஆண்கள் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதால் இதைப் பெண்கள் நோய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முறிவை வைத்து எண்ணினால் படம் வேறு: 50 வயதுக்கு மேல் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும், ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் எலும்பு மெலிவால் முறிவு வரும் என்பது உலகளவில் சொல்லப்படும் மதிப்பீடு. இடுப்பு முறிவுக்குப் பின் இறப்பதும் ஆண்களிலேயே அதிகம். ஆண்கள் எல்லாருக்கும் ஸ்கேன் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, ஆனாலும் 70 தாண்டியவர் என்பதால் ஒருமுறை எடுப்பது நல்லது என்பேன். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருந்தால், புராஸ்டேட் புற்றுக்கு ஹார்மோன் சிகிச்சை நடந்திருந்தால், புகை, மது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். குதிகாலை வைத்து ஒரு நிமிடத்தில் பார்க்கும் சின்னக் கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள். இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸாதான் வேண்டும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். அப்பாவைக் குதிகால் சுவரை ஒட்டும்படி நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். பின்தலை சுவரைத் தொடவில்லை என்றாலோ, இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. போல் குறைந்திருந்தாலோ முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு முறிவுகளில் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாமலே வந்து போகின்றன, ‘வயசாகி கூன் விழுந்துடுச்சு’ என்ற பேரில்.