நுண்துளிகளில் ஒரே வடிவம் வந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் புதிய மருந்து மூலக்கூறு 200 மில்லிகிராம்தான் கைவசம் இருக்கிறது. வெளி ஆய்வகம் ஒன்று 1,152 நுண்துளிகளில் படிகமாக்கிப் பார்த்து, ஒரே படிக வடிவம்தான் (மூலக்கூறுகள் படிகத்தில் அடுக்கியிருக்கும் விதம்) உண்டு என்று அறிக்கை தந்துள்ளது. இதை நம்பி மாத்திரை வேலையைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். 1,152 என்றால் 96 குழிகள் கொண்ட தட்டுகள் 12, அவ்வளவுதான். குழிக்குச் சுமார் 200 நானோலிட்டர் எண்ணெய், அதற்குள் 50 நானோலிட்டர் கரைசல். கரைப்பான் எண்ணெய்க்குள் மெல்லக் கசியக் கசிய, துளி செறிந்து படிகம் விழும். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைசலானாலும் துளிக்கு 5 மைக்ரோகிராம்தான் செலவு. ஆனால் படிகக் கரு, அதாவது படிகம் வளரத் தொடங்கும் முதல் துணுக்கு, தோன்றும் வாய்ப்பு கரைசலின் கன அளவைப் பொறுத்தது. இத்தனை சிறிய துளியில் மிக நிலையான வடிவம் தலைகாட்டாமலே போகலாம். 1996இல் சந்தைக்கு வந்த எச்ஐவி மருந்தான ரிட்டோனவிரில், கரைதிறன் குறைந்த இரண்டாம் வடிவம் 1998இல்தான் வெளிப்பட்டது. கேப்ஸ்யூலையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

குழிக் கணக்கைக் காட்டி விலை பேசும் இடைத்தரகர்களிடம் இதைக் கேளுங்கள்: எத்தனை குழியில் படிகம், எத்தனையில் வெறும் துளி, எத்தனை வகைக் கரைப்பான், எத்தனை வகை எண்ணெய்? எண்ணெய் கரைப்பானை வேகமாக உறிஞ்சினால் படிகத்துக்குப் பதில் ஒழுங்கான அடுக்கில்லாத கண்ணாடிப் பிசின்தான் மிஞ்சும். மருந்தே எண்ணெயில் கரைந்தால் துளியில் எதுவும் இராது. இந்தத் தோல்விகளையும் ‘வேறு வடிவம் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். கோப்பில் பெரிய எண் இருந்தால் மேலே இருப்பவர்களும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், பிறகு யார் பார்ப்பது? நாளை ‘புது வடிவம்’ என்று வந்து நின்றாலும், ஒற்றைப் படிக எக்ஸ்ரே அமைப்பை, அதாவது படிகத்துக்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்ற படத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிஎம்எஸ்ஓ, டிஎம்எஃப் போன்ற கரைப்பான்கள் படிகத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்; அது தனி மருந்தின் புது வடிவமல்ல.

மிச்ச மருந்தில் 50 மில்லிகிராம் எடுத்து, முழுதும் கரையாத அளவு கரைப்பானில் 25 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் கலக்கிக்கொண்டே இருங்கள்; நிலையற்ற வடிவம் கரைந்து நிலையான வடிவமாக மாற இது வாய்ப்புத் தரும். பிறகு வடிகட்டித் தூள் எக்ஸ்ரே எடுத்து, அதன் கோடுகளைத் துளியில் கிடைத்த படிகத்தின் கோடுகளோடு ஒப்பிடுங்கள். துளிப் படிகத்தை 100 கெல்வினில் (சுமார் மைனஸ் 173 டிகிரி செல்சியஸ்) அளந்திருந்தால் கோடுகள் சற்றே நகர்ந்து தெரியும். அது வேறு வடிவமல்ல.

வடிவம் உண்மையிலேயே மாறியிருந்தாலும் புதியதுதான் எப்போதும் நிலையானது என்று முடிவு கட்டாதீர்கள். சில மருந்துகளில் ஒரு வடிவம் குறைந்த வெப்பத்திலும் மற்றது கூடுதல் வெப்பத்திலும் நிலையானது. இரண்டையும் சமமாகச் சேர்த்து, அதேபோல் கரைப்பானில் 25 டிகிரியிலும் 50 டிகிரியிலும் தனித்தனியே கலக்குங்கள். இரண்டிலும் ஒரே வடிவம் மிஞ்சினால் அதை எடுத்துக்கொள்ளலாம். வெவ்வேறு வடிவம் மிஞ்சினால், மாறும் வெப்பநிலையைக் கண்டுபிடிக்கும்வரை உலர்த்தும் வெப்பத்தை முடிவு செய்யாதீர்கள்.