மீதி பன்னிரண்டு வசனம்

கேள்வி: எனக்கு 36 வயது. அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எங்கள் ஊர் கோயில் (சர்ச்) கமிட்டியில் இருபது வருடம் இருந்தவர். இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சில வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களும் (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மாற்குவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. அதில் உயிர்த்த இயேசுவை யாரும் பார்ப்பதே இல்லை. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்கு நேரம் அமையவில்லை, இரண்டு வருடமாக ராத்திரி குடும்ப ஜெபத்தில் நான்தான் வேதம் வாசிக்கிறேன். இந்த ஈஸ்டர் அன்று 8ஆம் வசனத்தோடு வேதத்தை மூடி, "அவ்வளவுதான்ப்பா, இதற்கு மேல் மாற்கு எழுதவில்லை" என்றேன். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வாசிக்க என்னைக் கூப்பிடுவதில்லை. அக்கா போனில் திட்டுகிறாள். உண்மையைச் சொன்னது தப்பா? நம்பாததை நம்புகிற மாதிரி நடிக்க வேண்டுமா?

— பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் ஆறு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். ஐந்தரைப் பக்கம் மாற்கு, மத்தேயு, பவுல். அப்பாவின் கண்ணுக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரியை விடப்போவதில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போனால், விஷயம் தெரியாமல் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைப்பீர்கள். அதனால் உங்கள் பாடத்துக்கே முதலில் வருகிறேன்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. செத்தவர் எழுந்து வந்தாரா என்று என்னைக் கேட்டால், என் பதில் உங்கள் பதிலிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்காது. நீங்கள் சொல்கிற முரண்பாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. கல்லறைக்குப் போனவர்கள் மாற்குவில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இரண்டு பேர், யோவானில் மகதலேனா மரியாள் ஒருத்தியின் பெயர்தான் வருகிறது. உள்ளே இருந்தது ஒரு வாலிபனா, இரண்டு பேரா என்பதிலும் ஒற்றுமை கிடையாது. மத்தேயு சீஷர்களைக் கலிலேயாவுக்கு அனுப்புகிறார். லூக்காவில் அவர்கள் எருசலேமிலேயே இருக்க வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய எழுத்து, இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம். கி.பி. 50களின் நடுவில் எழுதியது. கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு மேல், யாக்கோபு, கடைசியில் தான் என்று பார்த்தவர்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் காலிக் கல்லறையும் இல்லை, கல்லறைக்குப் போன பெண்களும் இல்லை. இதை நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதே வரிசை உங்கள் கட்சிக்கும் இடைஞ்சல் என்பதை மட்டும் எழுதவில்லை. நான் பெற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கு ஒப்புவித்தேன் என்கிறார் பவுல். அப்படியானால் அது அவருக்கு முன்பே வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்த வாசகம். சிலுவைச் சம்பவம் நடந்து சில வருடங்களுக்குள் உருவானது என்று, நம்பிக்கையில்லாத ஆய்வாளர்களிலேயே பலர் ஒப்புக்கொள்கிறார்கள். நூறு வருடம் கழித்து யாரோ உட்கார்ந்து கட்டிய கதை என்று தள்ள முடியாது. அவர்கள் எதையோ பார்த்ததாகச் சொன்னார்கள், ஆரம்பத்திலேயே சொன்னார்கள். எதைப் பார்த்தார்கள் என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்கு உங்களோடு தொடங்கியதும் இல்லை. கி.பி. 175ஐ ஒட்டி கெல்சஸ் என்ற கிரேக்கர் இதையெல்லாம் நக்கலாகவே கேட்டுவிட்டார். பார்த்தது யார், புத்தி பேதலித்த ஒரு பெண்தானே? தன்னைத் தண்டித்தவர்கள் முன்னால் போய் நின்றிருந்தால் விவகாரம் முடிந்திருக்குமே, ஏன் நிற்கவில்லை? நல்ல கேள்விகள். கெல்சஸ் எழுதிய புத்தகம் இன்று இல்லை. அப்புறம் எப்படி நமக்குத் தெரியும்? ஏறக்குறைய 248இல் அவருக்கு மறுப்பு எழுதிய ஓரிகன் என்ற கிறிஸ்தவர், எதிராளியின் வார்த்தைகளைத் துண்டு துண்டாக எடுத்து எழுதிவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அப்படித்தான் அந்த எதிர்ப்புப் பேச்சின் பெரும்பகுதி பிழைத்துக் கிடக்கிறது. தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வரியை ஒரு விசுவாசி உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

மாற்கு விஷயத்தில் நீங்கள் படித்தது சரி. 4ஆம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகள், சினாய் பிரதியும் வத்திக்கான் பிரதியும், பெண்கள் பயந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓடுவதோடு முடிகின்றன. அந்தக் காலத்துச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸே இதைக் குறித்து வைத்திருக்கிறார், ஒளித்து வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை. மீதி 12 வசனமும் பின்னால் சேர்ந்தவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆனால் எவ்வளவு பின்னால்? 180 வாக்கில் எழுதிய இரேனியஸ் என்ற பிஷப் 19ஆம் வசனத்தை மாற்குவின் கடைசிப் பகுதி என்றே எடுத்துக்காட்டுகிறார். உங்கள் இரண்டு பிரதிகளையும்விட நூறு வருடத்துக்கு மேல் முந்தியவர் அவர்.

வத்திக்கான் பிரதியில் இன்னொரு சங்கதி உண்டு. செய்தித்தாள் மாதிரி பக்கத்துக்கு மூன்று பத்தியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு புத்தகம் முடிந்தால் அடுத்த பத்தியிலேயே இன்னொன்று தொடங்கிவிடும். மாற்கு முடிகிற இடத்தில் மட்டும் ஒரு முழுப் பத்தி காலியாகக் கிடக்கிறது. புதிய ஏற்பாட்டில் வேறு எங்கும் அப்படி இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்து இடம் விட்டாரா, வேறு காரணமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அந்த எழுத்தரைப் பிடித்திருக்கிறது. எழுத மனம் வரவில்லை, மூடவும் மனம் வரவில்லை என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

நீங்கள் மூடினீர்கள்.

உங்கள் கையில் இருந்தது வத்திக்கான் பிரதி இல்லை தம்பி. அப்பாவின் தமிழ் வேதம். அதில் 8க்குக் கீழே 9 அச்சாகியிருந்தது. எழுத்துத் தெரியாத கண்ணோடு எதிரே உட்கார்ந்திருந்த மனிதரிடம் "அவ்வளவுதான்" என்றீர்கள். உண்மையைச் சொன்னேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். முழுசாக வாசித்துவிட்டு, "அப்பா, இந்த 12 வசனமும் பிற்பாடு சேர்த்தது என்று படித்தேன்" என்றிருந்தால் அது உண்மை. அதற்குப் பதிலாக அவர் சண்டை போட்டிருக்கலாம், யோசித்திருக்கலாம், போய்ப் படு என்று சொல்லியிருக்கலாம். ஒரு தலைமையாசிரியருக்கு மகனோடு வாதாடத் தெரியாதா? நீங்கள் செய்தது கண் தெரியாதவர் இலையிலிருந்து ஒரு கறியை எடுத்துவிட்டு, சமைத்ததே இவ்வளவுதான் என்று சொல்கிற வேலை.

அடுத்தது அந்த உதடு. "பதில் சொல்ல முடியவில்லை, உதடு மட்டும் அசைந்தது." ஜெயித்த தோரணையில் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் கமிட்டியில் இருந்தவர், எத்தனை ஈஸ்டர் விடியற்கால ஆராதனை பார்த்திருப்பார், அந்த அதிகாரத்தை எத்தனை தரம் கேட்டிருப்பார்? அவர் உதடு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து அவர் தொடர்ந்திருக்கிறார். உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த 12 வசனத்தில் என்ன இருக்கிறது என்று கவனித்தீர்களா? மரியாள் வந்து சொல்கிறாள், சீஷர்கள் நம்பவில்லை. கிராமத்துக்கு நடந்து போன இரண்டு பேர் வந்து சொல்கிறார்கள், அவர்களையும் நம்பவில்லை. கடைசியில் பதினொரு பேரும் அதற்காகத் திட்டு வாங்குகிறார்கள். உங்களை மாதிரி ஆட்களைப் பற்றிய பகுதியைத்தான் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள்.

என் சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி இருந்தாள். மகன் ரங்கூனில். கடிதம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவாள். ஒரு தடவை, இந்த மாதம் பணம் அனுப்ப முடியாது என்று எழுதியிருந்தான். ஆச்சி பாவம் என்று அந்த இடத்தைத் தாண்டி வாசித்துவிட்டேன். ஆச்சி கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டு எழுதிட்டு இதையா சொன்னான்?" என்றாள். அதற்கப்புறம் கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாளே தவிர என்னிடம் வரவே இல்லை. நான் இரக்கப்பட்டுச் செய்தேன், நீங்கள் கெட்டிக்காரத்தனத்தில் செய்தீர்கள். இரண்டு பேருக்கும் கிடைத்த தண்டனை ஒன்றுதான்.

முதல் நூற்றாண்டில் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனபோது செய்தி திரிந்திருக்கும் என்கிறீர்கள். திரிந்திருக்கலாம். அந்தச் சங்கிலியில் யார் கை சுத்தம், யார் கை அழுக்கு என்று பதினான்கு புத்தகம் வாங்கித் தேடியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில், அந்த ஈஸ்டர் ராத்திரி, சங்கிலியின் கண்ணியாக உட்கார்ந்திருந்தது நீங்கள். கெல்சஸை ஓரிகன் நடத்திய அளவு மரியாதையாகக்கூட உங்கள் அப்பாவின் புத்தகத்தை நீங்கள் நடத்தவில்லை.

நடிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கோர்ட்டில் வாக்குமூலம் வாசிக்கிற குமாஸ்தா அதை நம்பியா வாசிக்கிறார்? ஆமென் சொல்ல வாய் வரவில்லை என்றால் சொல்லாதீர்கள். அப்பா அதைக் கவனிப்பார், வருத்தப்படுவார், தாங்கிக்கொள்வார். பெற்றவருக்குப் பிள்ளை தன் கொள்கையைக் கடன்படவில்லை. ஆனால் கண் தெரியாத காலத்தில் கண்ணாக இருப்பதற்குக் கடன்பட்டிருக்கிறது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நம்பிக்கை வந்தால் செய்கிறேன், போனால் விடுகிறேன் என்று சொல்லக்கூடிய வேலை இல்லை அது.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். இரண்டு வருடம்! புரை ஆபரேஷன் என்பது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசே வாங்குவதில்லை. ஒரு கண் ஆறியதும் அடுத்த கண். பதினான்கு புத்தகம் படிக்க அமைந்த நேரம் இதற்கு எப்படி அமையவில்லை? அக்கா போனில் திட்டுகிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அவள் உங்களைத் திட்ட வேண்டியது மாற்குவுக்காக இல்லை. (அவளும் இரண்டு வருடமாகப் போனில்தான் இருந்திருக்கிறாள் போல. அவள் எனக்குக் கடிதம் எழுதினால் அவளுக்கும் வைத்திருக்கிறேன்.)

ஒரு சந்தேகம் எனக்கு வருகிறது, பட்டவர்த்தனமாகவே கேட்கிறேன். அப்பா தானே வாசிக்கத் தொடங்கிவிட்டால் ராத்திரி அந்த நாற்காலியில் உங்களுக்கு வேலை இல்லை. வயதான மனிதர், எழுந்து போகாமல், நீங்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்களுக்குப் பழகிவிட்டதா? கோபம் வந்தால் வரட்டும், யோசித்துப் பாருங்கள்.

இன்று ராத்திரி அவர் கூப்பிடமாட்டார். கூப்பிடாமலே போங்கள். மன்னிப்புப் பிரசங்கம் எதுவும் வேண்டாம், தலைமையாசிரியர்களுக்கு அது பிடிக்காது. 16ஆம் அதிகாரத்தைப் பிரித்து 9ஆம் வசனத்திலிருந்து 20 வரை நிறுத்தாமல் வாசியுங்கள், பாம்பு, விஷம் வருகிற இடம் உட்பட. முடித்தபின் யூசேபியஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், அவர் கேட்பார். நாளைக் காலை அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அடுத்த கடிதத்தில் ஆபரேஷன் தேதியை முதல் வரியில் எழுதுங்கள். ஐந்நூறு பேர் விஷயத்தை அதற்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.