ஒருமுறை கிடைக்கிறது, மறுமுறை கிடைப்பதில்லை: லினக்ஸில் டிஎன்எஸ் கேள்வி-பதில்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்தும், ஆந்திரப் பக்கம் நகரி, சூளூர்ப்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. நெட் இருக்கிறது, ஆனால் தளத்தின் பெயர் சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் கிடைப்பதில்லை. பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் சர்வர். எல்லோரும் முதலில் செய்திருப்பதும் ஒன்றே: அந்த டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 (கூகுளின் பொது சர்வர்) என்று மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் இப்போது யாரிடம் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எண்ணை மாற்றினால், கோளாறு மறையுமே தவிர தீராது.

டெபியன் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர், சார். எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதல் தடவை அப்படியே நின்றுவிடுகிறது. எண்ணிப் பார்த்தேன், ஐந்து விநாடி. அப்புறம் அதே தளம் பட்டென்று திறக்கிறது. லைன் கோளாறா? (கொழிஞ்சாம்பாறை, டியூஷன் சென்டர் நடத்துபவர்)

நீங்கள் விநாடியை எண்ணியதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. லைன் கோளாறு என்றால் ஒருமுறை இரண்டு விநாடி, இன்னொரு முறை பத்து விநாடி என்று மாறி மாறி வரும். எப்போதும் சரியாக ஐந்து என்றால் அது கம்ப்யூட்டரே வைத்திருக்கும் கெடு. லினக்ஸில் பெயரைத் தேடித் தரும் ஜிலிப்சி, ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால்தான் பட்டியலில் அடுத்தவரிடம் போகும். முதல் சர்வர் செத்துக்கிடப்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் மறுபடி அதே கதவைத்தான் தட்டும். இரண்டாம் முறை வேகமாகத் திறப்பது, பிரவுசர் பழைய பதிலைக் கையில் வைத்திருப்பதால்.

எட்சி ஃபோல்டரில் ரிசால்வ்.கான்ஃப் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். 'நேம்சர்வர்' என்று தொடங்கும் வரிகளில் முதல் மூன்றுதான் கணக்கு. நான்காவது எழுதினாலும் அது படிக்கப்படாது. அந்த எண்களில் ஒவ்வொன்றையும், டிஎன்எஸ் சர்வரிடம் நேராகக் கேட்கும் 'டிக்' கட்டளையில் @ குறிக்குப் பின் போட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். எது பேசவில்லையோ அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான். நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் அந்த ஃபைலை எழுதுகிறது என்றால், அதன் செட்டிங்கில் போய் எடுங்கள், இல்லாவிட்டால் மாற்றியது அடுத்த இணைப்பில் திரும்பி வந்துவிடும்.

எல்லா சர்வரும் உடனே பதில் சொல்கின்றன, ஆனாலும் ஐந்து விநாடி போகிறதா? அப்போது 'கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்' என்று தந்து அதே பெயரைத் தேடுங்கள், இது ஜிலிப்சி வழியாகத் தேடும். 'டிக்' வேகமாகவும் இது மெதுவாகவும் இருந்தால் சந்தேகம் ரவுட்டர் மேல். பழைய ஐபிவி4 முகவரியையும் புதிய ஐபிவி6 முகவரியையும் ஜிலிப்சி ஒரே வழியில் ஒரே சமயத்தில் கேட்கும். சில மலிவான ரவுட்டர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றொன்றை விட்டுவிடும். ரிசால்வ்.கான்ஃபில் 'ஆப்ஷன்ஸ் சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன்' என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்.

விசைத்தறிக் கணக்கெல்லாம் ஆபீஸ் சர்வரில் இருக்கிறது, அண்ணா. அதற்கு உள்ளுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். காலையில் திறக்கிறது, மத்தியானம் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்கிறது. ரவுட்டர் ஒரு டிஎன்எஸ், பாதுகாப்புக்கு 8.8.8.8 இரண்டாவது. கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ். (நகரி)

பாதுகாப்புக்கு என்று வைத்ததுதான் தம்பி, இங்கே காலை வாருகிறது. இரண்டாவது எண் ஸ்பேர் டயர் மாதிரி என்று நாம் நினைக்கிறோம். உபுண்டுவில் பெயர் தேடும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் அப்படி நினைப்பதில்லை. பட்டியலில் உள்ள எல்லோரும் அதற்குச் சமம். காலையில் ரவுட்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டர் ஒரு நிமிடம் திணறினால் 8.8.8.8-க்குத் தாவும். தாவிய பின், அங்கே தடங்கல் வராத வரை அங்கேயே இருந்துவிடும். 8.8.8.8-க்கு உங்கள் ஆபீஸ் சர்வர் எப்படித் தெரியும்? 'இல்லை' என்று சொல்லும். 'இல்லை' என்பதும் முறையான பதில்தான், அதனால் கம்ப்யூட்டர் வேறு யாரையும் கேட்காது. ஒரே பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர்களில் 8.8.8.8-ஐ எடுத்துவிடுங்கள். வெளிப் பெயர்களை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை ரவுட்டரில் மட்டும் எழுதுங்கள். 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று அடித்தால், இந்த நிமிடம் எந்த சர்வர் என்று 'கரன்ட் டிஎன்எஸ் சர்வர்' வரியில் தெரியும். ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.53 என்று மட்டும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே உள்ள இடைத்தரகர். ஒரே ஒரு சர்வர்தான், அதன் எண்ணும் மாறாது என்றால், பெயரையும் எண்ணையும் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதினாலே போதும், டிஎன்எஸ் வரை போகவே வேண்டாம்.

உள் பெயர் '.லோக்கல்' என்று முடிந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். அந்த முடிவு, சர்வர் இல்லாமல் சாதனங்கள் தங்களுக்குள்ளேயே பெயர் தேடும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு 2013-இல் ஒதுக்கப்பட்டது. சாதாரண டிஎன்எஸ் சர்வரைப் பல லினக்ஸ்கள் அதற்காகக் கேட்பதே இல்லை.

வீடு குமுளியில், வேலை கம்பத்தில். வீட்டு வைஃபையில் எல்லாம் சரி. மலை இறங்கிப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் எந்தத் தளமும் வராது, எண்ணை வைத்து 'பிங்' செய்தால் போகிறது. கேரள டவர் மாறித் தமிழ்நாட்டு டவர் வருவதால்தானே?

டவரைக் குறை சொல்ல வேண்டாம். ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்புக்கு டிஎன்எஸ் சொல்வது பெரும்பாலும் போன்தான். போன் எந்த டவரில் இருக்கிறது என்பது லேப்டாப்புக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எண்ணுக்குப் போகிறது, பெயருக்கு இல்லை. அதுவும் வீட்டுக்கு வெளியே மட்டும். ஆக, வீட்டு ரவுட்டரின் எண் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிசால்வ்.கான்ஃபில் 192.168.1.1 போல ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஃபைல் மேல் 'எல்எஸ்அட்டர்' கட்டளையை ஓட்டுங்கள். நடுவில் 'ஐ' எழுத்து தெரிந்தால், யாரோ ஃபைலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஃபைல் தானாக மாறிக்கொண்டே இருக்கிறது என்பவர்களுக்கு இந்தப் பூட்டை வைத்தியமாகச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. ஊருக்கு ஊர் போகும் லேப்டாப்பில் அது பெரிய தீங்கு. 'சிஹெச்அட்டர் மைனஸ் ஐ' கொடுத்துத் திறந்து, எழுதும் வேலையை நெட்வொர்க் மேனேஜரிடமே விடுங்கள்.

பூட்டு இல்லை என்றால் விபிஎன் (ஆபீஸ் போன்ற வேறு நெட்வொர்க்குக்குள் நுழையும் தனி வழி) பக்கம் பாருங்கள். பாதியில் அறுந்த விபிஎன் தன் டிஎன்எஸ் எண்ணை விட்டுவிட்டுப் போவது உண்டு.

டிஎன்எஸ்செக் சோதனையை நானேதான் போட்டேன். நீண்ட நேரம் கரண்ட் போய் வந்தால் எந்தப் பெயரும் கிடைப்பதில்லை. கையால் ஏதோ செய்து ரீஸ்டார்ட் பண்ணினால் வருகிறது. (சித்தூர், பாலக்காடு)

தேதியைப் பார்த்தீர்களா? டிஎன்எஸ்செக் என்பது, வந்த பதில் போலி இல்லை என்று டிஜிட்டல் கையெழுத்தை வைத்துச் சரிபார்க்கும் முறை. டிஎன்எஸ்செக் கையெழுத்துகளுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கடிகாரம் சில வருடம் பின்னால் போய்விட்டால், எல்லாக் கையெழுத்தும் இன்னும் நடைமுறைக்கு வராததாகத் தெரியும். நேரத்தைத் திருத்தும் சர்வரின் பெயரைக்கூடத் தேட முடியாமல் போகலாம். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். சோதனையை அணைக்காதீர்கள், அது நல்ல காவல்.

கடைக்குப் புதிதாக ஒரு தளம் தொடங்கினேன். தம்பி போனில் திறக்கிறது, என் லேப்டாப்பில் மட்டும் இல்லை என்கிறது. (சூளூர்ப்பேட்டை)

பெயரைப் பதியும் முன்பே ஆவலில் ஒருமுறை தட்டிப் பார்த்திருப்பீர்கள். 'இல்லை' என்ற பதிலையும் டிஎன்எஸ் சேமித்து வைக்கும். எவ்வளவு நேரம் என்பதற்கு உச்சவரம்பு, 'இல்லை' என்று சொன்ன டொமைனின் (பெயரே பதியாதபோது அது .காம் போன்ற மேல் டொமைன்) எஸ்ஓஏ என்ற தலைப்புப் பதிவில் கடைசி எண். 3600 என்றால் ஒரு மணி நேரம். காத்திருக்கலாம், அல்லது 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ்' கொடுத்து, ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடலாம். அப்போதும் வராவிட்டால் உங்கள் நெட் கம்பெனியின் சர்வர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது விடும்வரை பொறுக்க வேண்டியதுதான். அடுத்த முறை பதிவு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, டொமைனின் சொந்த நேம்சர்வரையே 'டிக்'கில் @ போட்டுக் கேளுங்கள். நடுவில் யாரும் எதையும் சேமிக்க மாட்டார்கள்.