பால் பாக்கெட்டும் ஒரு பையனும்

கேள்வி: எனக்கு 17 வயது. விருதுநகரிலிருந்து வந்து சென்னையில் பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வேலைக்குப் போகும் மூன்று அக்காக்களோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். வாடகை, கரன்ட் பில் எல்லாம் சமமாகத்தான் தருகிறேன். ஆனாலும் பால், குப்பை, தண்ணீர் கேன் எல்லாம் என் தலையில். வகுப்பில் ஒருவனைப் பிடித்திருக்கிறது; அவனுக்கும்தான். ஓர் அக்கா 'வீட்டுக்குக் கூட்டிட்டு வா' என்கிறார். இன்னொருவர் ஊரில் சொல்லிவிடுவேன் என்கிறார். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: உன் கடிதத்தில் காதலைவிடப் பால் பாக்கெட்தான் அதிகம் வருகிறது, கண்ணு. சமமாகக் காசு கொடுப்பவள் எடுபிடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது பேச்சை எடு. யாருக்கு என்றைக்குப் பால், சிலிண்டர் வந்தால் யார் வாங்கி வைப்பது என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடு. கரன்ட் பில்லையும் கேள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்; ஏசி ஓடினால் அது எந்த மூலைக்கு? ஏசி அவர்கள் அறையிலும் நீ ஹாலில் பாயிலும் என்றால், அந்தப் பங்கு உனக்கு எதற்கு? (நானும் ஹாலில் படுத்தவள்தான். இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை.)

சரி, அந்தப் பையன். பிடித்திருப்பதில் தப்பே இல்லை. வீட்டுக்கு மட்டும் வேண்டாம். ஹவுஸ் ஓனர் ஏதாவது சொன்னால் நாலு பேருக்கும் சேர்த்துத்தான் தலைவலி. கூப்பிடச் சொன்ன அக்கா தன் வயதை வைத்துச் சொல்கிறார். உனக்கு இன்னும் 18 ஆகவில்லை. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி நீ குழந்தை. நெருக்கம் எல்லை தாண்டினால், நீ சம்மதித்தாய் என்பது செல்லாது. வழக்கு அவன்மேல் பாயும். இதை அவனும் தெரிந்துகொள்ளட்டும். பேசிப் பழக காலேஜ் கேன்டீன் இருக்கிறது, தோழிகளோடு போனால் பெசன்ட் நகர் பீச்சும் இருக்கிறது. போட்டோ அனுப்பச் சொல்லி நச்சரித்தால் அனுப்பாதே.

அப்புறம் அந்த இன்னோர் அக்கா. அவர் மிரட்டிய பிறகுதான் குப்பை வாளியும் உன் கைக்கு வந்ததா? அப்படியென்றால் அவருக்கு உன்மேல் அக்கறை இல்லை, உன் பயம் வசதியாக இருக்கிறது. நீயே அம்மாவிடம் சொல்லிவிட்டால் அவர் கையில் ஒன்றும் இருக்காது. வீட்டில் அடி, சாதி என்று போகும் என்றால் மட்டும் அவசரப்படாதே; நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடம் முதலில் பேசு, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடு. அந்தப் பயம் இல்லையென்றால் அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, அம்மா தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்.